புரோட்டான் உடம்புக்குள் போன வழி: நேர்கோடு போதாதா?

ஜூன் 3, வாசகர் ஒருவரின் கேள்வி

எக்ஸ் கதிருக்குப் பதில் புரோட்டான்களை உடம்பு வழியாக அனுப்பிப் படம் எடுக்கும் புரோட்டான் சி.டி. பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு புரோட்டானும் உடம்புக்குள் எந்த வளைந்த பாதையில் போயிருக்கும் என்று தனித்தனியாகக் கணக்குப் போடுகிறார்களாம். கோடிக்கணக்கில் புரோட்டான்களை அனுப்புகிறோம். ஒன்று இடப்பக்கம் விலகும், இன்னொன்று வலப்பக்கம் விலகும். சராசரி எடுத்தால் அடிபட்டுப் போகாதா? நேர்கோடு என்றே வைத்துக்கொண்டால் என்ன கெட்டுவிடும்?

ஜூன் 3, இரவு

அடிபட்டுப் போகாது. இங்கே இரண்டு வேறு சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்றைச் சராசரி சரிசெய்யும், இன்னொன்றைச் சரிசெய்யாது.

200 எம்இவி (மெகா எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றல் உள்ள புரோட்டானை 20 செ.மீ. தண்ணீருக்குள் விடுவோம். மனிதத் தலை ஏறக்குறைய அந்த அளவுதான். மறுபக்கம் வெளியே வரும்போது 87 எம்இவி பக்கம் மிஞ்சியிருக்கும். எவ்வளவு ஆற்றல் குறைந்தது என்று அளந்தால், எவ்வளவு தண்ணீருக்குச் சமமான பொருளைக் கடந்து வந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரே தடிமனைக் கடந்த இரண்டு புரோட்டான்கள் அச்சு அசலாக ஒரே ஆற்றலை இழப்பதில்லை. எலக்ட்ரான்களோடு நடக்கும் மோதல்கள் தற்செயலானவை. ஆகவே ஒரு தனிப் புரோட்டான் சொல்லும் தடிமனில் சுமார் 3 மி.மீ. தடுமாற்றம் இருக்கும். இது இரைச்சல். நூறு புரோட்டான்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் 0.3 மி.மீ. ஆகிவிடும். இந்த இடத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி.

இரண்டாவது, பக்கவாட்டு விலகல். வழியில் உள்ள ஒவ்வொரு அணுக்கருவின் மின்புலமும் புரோட்டானைத் துளித்துளியாகத் திருப்புகிறது. 20 செ.மீ. கடந்து வெளியே வரும்போது திசை சராசரியாக 38 மில்லிரேடியன், அதாவது இரண்டு டிகிரிக்குக் கொஞ்சம் மேல், மாறியிருக்கும். இடம் 3.6 மி.மீ. தள்ளிப்போயிருக்கும். எல்லாப் புரோட்டான்களின் சராசரிப் பாதை நேர்கோடுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் கொண்டுவரும் தகவல் அது போன வழியைப் பற்றியது. வலப்பக்கம் விலகியது காதெலும்பின் ஓரத்தைத் தொட்டுவிட்டு வந்திருக்கும். இடப்பக்கம் விலகியது மென்திசுவுக்குள்ளேயே வந்திருக்கும். இரண்டின் கணக்கையும் நடுக்கோட்டில் எழுதிவைத்தால் எலும்பின் விளிம்பு கலங்கிப்போகும். கை நடுக்கத்தோடு எடுத்த ஆயிரம் போட்டோக்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் புள்ளி புள்ளியான இரைச்சல் மறையும், முகம் தெளியாது. அதே கதைதான்.

ஜூன் 4, காலை

"இவ்வளவு தொல்லை எதற்கு, எக்ஸ் கதிர் சி.டி. இருக்கிறதே" என்று கேட்டவருக்கு.

புற்றுநோய்க் கட்டிகளுக்குக் கொடுக்கும் புரோட்டான் சிகிச்சையின் பெருமையே புரோட்டான் குறிப்பிட்ட ஆழத்தில் நின்றுவிடும் என்பதுதான். 1946-இல் ராபர்ட் வில்சன் இந்த யோசனையைச் சொன்னதே அதை வைத்துத்தான். எங்கே நிற்கும் என்று கணிக்க, வழியில் உள்ள திசுக்கள் புரோட்டானை எவ்வளவு தடுக்கும் என்று தெரிய வேண்டும். இன்று அதை எக்ஸ் கதிர் சி.டி. தரும் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்களிலிருந்து, அதாவது திசு எக்ஸ் கதிரை எவ்வளவு குறைக்கிறது என்று சொல்லும் எண்களிலிருந்து, மாற்றி எடுக்கிறார்கள். எக்ஸ் கதிர் குறைவது அணு எண்ணைப் பலமாகச் சார்ந்தது, புரோட்டான் தடுக்கப்படுவது முக்கியமாக எலக்ட்ரான் அடர்த்தியைச் சார்ந்தது. ஒன்றை வைத்து இன்னொன்றைச் சொல்லும்போது பிசகு வராமல் இருக்காது. அதற்காகப் பல மருத்துவமனைகள் ஆழத்தில் 3.5 சதவீதமும் அதன்மேல் ஓரிரண்டு மி.மீ.யும் கூடுதல் ஓரம் விடுகின்றன. 20 செ.மீ. ஆழத்தில் 3.5 சதவீதம் என்றால் 7 மி.மீ. கண் நரம்புக்குப் பக்கத்தில் கட்டி இருந்தால் 7 மி.மீ. சின்ன விஷயமில்லை.

ஒரு காலத்தில் கதிர்வீச்சுத் திட்டமிடும் அறையில் வேலை பார்த்தவன் நான். அந்த ஓரத்தைத் திரையில் வரையும்போதெல்லாம், நல்ல திசுவுக்கும் சேர்த்துக் கதிர் கொடுக்கிறோம் என்ற உறுத்தல் இருக்கும். புரோட்டானை வைத்தே படம் எடுத்தால் இந்த மொழிபெயர்ப்பு வேலையே வேண்டாம். சி.டி.க்காக 1979-இல் ஹவுன்ஸ்ஃபீல்டோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆலன் கார்மாக், 1963-லேயே இதைக் கோடி காட்டியிருந்தார். ஆண்ட்ரியாஸ் கோலர் 1968-இல் புரோட்டான் ரேடியோகிராஃப் எடுத்தார். 1976-இல் இருவரும் சேர்ந்து ஹார்வர்ட் சைக்ளோட்ரானில் புரோட்டான் டோமோகிராஃபி செய்து பார்த்தார்கள். ஆக, யோசனை பழையது. பாதைதான் காலை வாரிக்கொண்டே இருந்தது.

ஜூன் 4, மதியம்

எக்ஸ் கதிருக்கு ஏன் இந்தத் தலைவலி இல்லை? ஃபோட்டான் ஒன்று நேராக வரும், இல்லையென்றால் கணக்கிலிருந்து காணாமல் போகும். சிதறிய சில ஃபோட்டான்கள் டிடெக்டருக்கு வரத்தான் செய்யும், அவற்றைத் தடுக்க வலைத் தகடு வைப்பார்கள். உருப்படியாக வந்து சேர்ந்த எல்லாமே நேர்கோட்டில் வந்தவை. புரோட்டானில் அப்படிப்பட்ட ஒழுக்கசீலர் ஒருவர்கூடக் கிடையாது.

ஜூன் 6

சரி, பாதையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? உள்ளே போய்ப் பார்க்க முடியாது. உடம்புக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று டிராக்கர் தகடுகள் வைக்கிறார்கள். இரண்டு தகடுகளில் பட்ட புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு. ஆக நமக்குக் கிடைப்பவை நுழைந்த இடம், நுழைந்த திசை, வெளியேறிய இடம், வெளியேறிய திசை ஆகிய நான்கும்தான். கடைசியில் ஒரு டிடெக்டர் மிஞ்சிய ஆற்றலை அளக்கும்.

இந்த நான்கும் தெரிந்தபின், நடுவில் 10 செ.மீ. ஆழத்தில் புரோட்டான் எங்கே இருந்திருக்கும்? முன்பக்கத்திலிருந்து யோசித்தால், நுழைந்த நிலையிலிருந்து சிதறிச் சிதறி வந்து 10 செ.மீ.யில் ஒரு குறிப்பிட்ட அகலத்துக்குப் பரவியிருக்கும். பின்பக்கத்திலிருந்து யோசித்தால், வெளியேறிய நிலையை வைத்துத் திருப்பி இழுத்து வந்தால் அங்கேயும் ஒரு பரவல். இரண்டு நிகழ்தகவுகளையும் பெருக்கினால் ஓர் உச்சம் வரும். ஒவ்வொரு ஆழத்திலும் இப்படி உச்சத்தைக் கண்டுபிடித்து இணைத்தால் கிடைப்பதுதான் எம்.எல்.பி. எனப்படும் அதிகச் சாத்தியப் பாதை. சுவிட்சர்லாந்தில் பால் ஷெரர் நிலையத்தைச் சேர்ந்த ஷ்னைடரும் பெட்ரோனியும் 1994-இல் இதற்கு அடித்தளம் போட்டார்கள். கலிஃபோர்னியாவில் சாண்டா குரூஸைச் சேர்ந்த வில்லியம்ஸ் 2004-இல் சீரான பொருளுக்கு முழுச் சூத்திரத்தைத் தந்தார். 2008-இல் லோமா லிண்டாவைச் சேர்ந்த ஷுல்ட்டும் கூட்டாளிகளும் அதையே சுருக்கமான அணி (மேட்ரிக்ஸ்) வடிவில் எழுதினார்கள். இன்று கணினி நிரல் எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த 2008 வடிவத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் அதைத்தான் எடுத்தேன்.

மடிக்கணினியில் கணக்குப் போட்டேன். அதே 200 எம்இவி, அதே 20 செ.மீ. தண்ணீர். நுழையும் புள்ளியையும் வெளியேறும் புள்ளியையும் நேர்கோட்டால் இணைத்தால், நடு ஆழத்தில் உண்மைப் பாதைக்கும் கோட்டுக்கும் இடையே திட்டவிலக்கம் 1.04 மி.மீ. எம்.எல்.பி. போட்டால் 0.54 மி.மீ. கிட்டத்தட்டப் பாதி. வெளியாகியுள்ள ஆய்வுகளும் எம்.எல்.பி. ஒரு மி.மீ.க்குள் வரும் என்றுதான் சொல்கின்றன.

இன்னொன்றும் சோதித்தேன், அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அந்த அணியில் இடத்துக்கும் திசைக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் மூலை உறுப்புகள் உண்டு. வலப்பக்கம் தள்ளிப்போன புரோட்டான் பெரும்பாலும் வலப்பக்கம் பார்த்தபடிதான் போய்க்கொண்டிருக்கும் என்ற தகவல் அதில் இருக்கிறது. அந்த உறுப்புகளைப் பூஜ்யமாக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். விடை 1.03 மி.மீ. என்று வந்தது. நேர்கோட்டுக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. அத்தனை இன்டகிரல் போட்டும், இடமும் திசையும் கைகோத்துப் போகின்றன என்பதை விட்டுவிட்டால் ஒரு பைசா லாபம் கிடையாது.

ஜூன் 6, கொஞ்ச நேரம் கழித்து

"3.6 மி.மீ. விலகும் என்றீர்கள், இப்போது நேர்கோட்டின் பிசகு 1 மி.மீ. என்கிறீர்கள்?" நல்ல கேள்வி. 3.6 என்பது நுழைந்த திசையிலேயே நேராக நீட்டினால் மறுபக்கத்தில் வரும் பிசகு. 1 என்பது இரண்டு முனைகளையும் அளந்து கட்டிப்போட்டபின் நடுவில் மிஞ்சும் பிசகு. வெளியேறும் இடத்தை அளந்ததே பாதி வேலையை முடித்துவிடுகிறது. இதனால்தான் புரோட்டான் படத்தில் தோலுக்குப் பக்கம் தெளிவாகவும் நடுப்பகுதி மங்கலாகவும் வரும். எந்தக் கோணத்திலிருந்து எடுத்தாலும் தலையின் மையம் பாதையின் நடுவில்தான் மாட்டும், பாவம்.

ஜூன் 9

மேலே எழுதியதை மறுபடி படித்தபோது எம்.எல்.பி.க்குக் கொஞ்சம் அதிகமாகவே கொடி பிடித்துவிட்டேனோ என்று தோன்றியது. அதனால் ஒரு போட்டியாளரையும் களத்தில் இறக்கினேன்: கியூபிக் ஸ்ப்ளைன். இயற்பியலே வேண்டாம். சிதறல் கோட்பாடு, ஆற்றல் இழப்பு எதுவும் தெரியாத ஒருவர், இரண்டு முனைகளிலும் இடமும் திசையும் பொருந்துகிற மாதிரி வழுவழுப்பான மூன்றாம் படி வளைவு ஒன்றைப் போடுகிறார். அவ்வளவுதான். அதே தண்ணீர், அதே நடு ஆழம். பிசகு 0.59 மி.மீ.

0.54-க்கும் 0.59-க்கும் என்ன பெரிய வித்தியாசம்? நேர்கோட்டிலிருந்து வளைவுக்கு வந்ததில் கிடைத்தது 0.45 மி.மீ. அந்த வளைவை இயற்பியல் சொல்லி மெருகேற்றியதில் கிடைத்தது 0.05. இப்போது என் கட்சி இதுதான்: உண்மையில் வேலை செய்வது வெளியேறும் திசையை அளந்த டிராக்கர். சூத்திரம் அதற்கு அடுத்த இடம். 2015-இல் கொலின்ஸ் ஃபெக்கெட்டும் குழுவினரும் ஸ்ப்ளைனின் இரு முனைகளிலும் உள்ள திசை அம்புகளின் நீளத்தை மட்டும் கொஞ்சம் சரிசெய்து எம்.எல்.பி.க்கு இணையாகக் கொண்டுவந்தார்கள். பார்க்க எளிமையான காரியம், எனக்கு ரொம்பப் பிடித்தது. கோடிக்கணக்கான பாதைகளைப் போட வேண்டிய இடத்தில் எளிமைக்கு விலை உண்டு.

ஆனால் எம்.எல்.பி.யைத் தூக்கிப் போட்டுவிடவும் மாட்டேன். அது பாதையோடு கூட, அந்தப் பாதையை எவ்வளவு நம்பலாம் என்ற எல்லையையும் ஒவ்வொரு ஆழத்துக்கும் தருகிறது. ஸ்ப்ளைன் அதைச் சொல்லாது.

ஜூன் 9, மாலை

சிதறலின் அகலத்தை எந்தச் சூத்திரத்தில் போட்டேன் என்று கேட்டிருக்கிறார்கள். மோலியேர் 1947, 48-இல் எழுதிய கோட்பாடுதான் மூலம். அதை அப்படியே பயன்படுத்துவது சிரமம். ஹைலண்ட் 1975-இல் அதைக் கைக்கு அடக்கமான சூத்திரமாக்கினார். 1991-இல் லிஞ்சும் டாலும் மாறிலிகளைச் சரிசெய்தார்கள். அந்த 13.6 எம்இவி மாறிலிதான் என் நிரலிலும் இருக்கிறது. தண்ணீரின் கதிர்வீச்சு நீளம் (இது குறையக் குறையப் பொருள் அதிகம் சிதறடிக்கும்) 36.1 செ.மீ.

இதில் ஒரு மடக்கைத் திருத்தம் உண்டு. மொத்தத் தடிமனுக்கு ஒரே தடவைதான் அதைப் போட வேண்டும். சின்னச் சின்ன அடுக்காகப் பிரித்து ஒவ்வொரு அடுக்குக்கும் தனியாகப் போட்டுக் கூட்டினால் விடை குறைந்துகொண்டே போகும். அடுக்கை மெலிதாக்க மெலிதாக்கச் சிதறலே காணாமல் போகும் அதிசயம் நடக்கும். உங்கள் புரோட்டான்கள் திடீரென்று நல்லபிள்ளைகளாக நடந்துகொண்டால் முதலில் இந்த வரியைப் பாருங்கள்.

ஜூன் 10

"சோதனைக்கு யார் தலையைக் கொடுத்தார்கள்?" என்று ஒருவர். பிளாஸ்டிக் தலைகள்தான் முதலில். அப்புறம் கசாப்புக்கடை. பிரிட்டனின் பிராவ்டா குழு தென்னாப்பிரிக்காவின் ஐதெம்பா ஆய்வகத்துக்குப் போய் ஆட்டுக்கறித் துண்டை ஸ்கேன் செய்தது. அமெரிக்காவில் பன்றி இறைச்சி. கொழுப்பு, தசை, எலும்பு மூன்றும் ஒரே துண்டில் கிடைக்கிறது, அனுமதிப் படிவத்தில் கையெழுத்தும் கேட்காது. ஸ்கேன் முடிந்தபின் அந்தக் கறி என்னவாயிற்று என்று எந்த ஆய்வுக் கட்டுரையிலும் எழுதுவதில்லை.

ஜூன் 13

டிராக்கர்தான் உண்மையில் வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டேன். அதனால் டிராக்கரையும் கொஞ்சம் கிண்டிப் பார்ப்போம்.

சாண்டா குரூஸும் லோமா லிண்டாவும் சேர்ந்து கட்டிய கருவியில் சிலிக்கன் பட்டைகள். பட்டைக்குப் பட்டை இடைவெளி 228 மைக்ரான். அப்படியென்றால் ஒரு தகடு இடத்தைச் சொல்வதில் உள்ள பிசகு 66 மைக்ரான். அருமை. இனி நான் கையால் போட்ட கணக்கு, கருவியின் உண்மை அளவுகள் இல்லை: இரண்டு தகடுகளுக்கு இடையே 5 செ.மீ. இருந்தால் திசையில் வரும் பிசகு 1.9 மில்லிரேடியன். அதுவும் அருமை. பாதையின் சிதறல் 38 மில்லிரேடியன் அல்லவா, அதற்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை.

ஆனால் தகடே ஒரு பொருள்தானே. வெளியேறும் புரோட்டான் 87 எம்இவிக்கு இறங்கியிருக்கிறது. மெதுவான புரோட்டான் அதிகம் சிதறும். 0.4 மி.மீ. சிலிக்கன் ஒன்றே அதை 4.2 மில்லிரேடியன் திருப்பிவிடும். அளக்கப் போட்ட கருவியே அளவைக் கெடுக்கிறது. இரண்டையும் சேர்த்தால் 4.6. உடம்புக்கும் முதல் தகட்டுக்கும் நடுவே 10 செ.மீ. காற்றிடைவெளி இருந்தால், தோலில் எங்கே வெளியேறியது என்பதில் 0.46 மி.மீ. பிசகு ஏறிவிடும். எம்.எல்.பி. கணக்குப்படி தோலுக்குப் பக்கத்தில் பிசகு பூஜ்யத்தை நெருங்க வேண்டும். நடைமுறையில் அங்கேயே அரை மி.மீ. நிற்கிறது. எம்.எல்.பி.யா ஸ்ப்ளைனா என்று 0.05 மி.மீ.க்கு நாம் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். தகட்டை நோயாளிக்குப் பக்கத்தில் 5 செ.மீ. நகர்த்தினால் அதைவிட நிறையக் கிடைக்கும். ஆனால் தோள்பட்டை இடிக்கும், கட்டில் சுழலும்போது தட்டும். பொறியாளர்களிடம் கேட்டால் கண்ணீர் விடுவார்கள்.

காற்றிடைவெளியில் பாதையை வளைக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காற்றின் கதிர்வீச்சு நீளம் சுமார் 300 மீட்டர், அதில் சிதறலே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே முதலில் உடம்பின் வெளிக்கோட்டைக் கண்டுபிடித்து, அதுவரை நேர்கோடு, உள்ளே மட்டும் எம்.எல்.பி. வெளிக்கோடு எப்படிக் கிடைக்கும்? ஆற்றல் குறையாமல் வந்த புரோட்டான் போன வழியில் உடம்பு இல்லை. அப்படிப்பட்டவை போன இடத்தையெல்லாம் வெட்டி எறிந்துகொண்டே வந்தால் மிஞ்சுவதுதான் உடம்பு.

ஜூன் 14

முதலில் கேட்ட நண்பர் விடவில்லை: "நேர்கோடு போதும் என்று எந்த இடத்திலும் சொல்ல மாட்டீர்களா?"

சொல்வேன். மெலிதான பொருள். 5 செ.மீ. தண்ணீர், அதே 200 எம்இவி: நேர்கோட்டின் நடுப்பிசகு 0.1 மி.மீ. அங்கே வளைவு போடுவது வீண்வேலை. பிசகு தடிமனின் ஒன்றரைப் படியில் ஏறுகிறது, அதோடு ஆற்றல் குறையக் குறைய இன்னும் வேகமாக ஏறும். எலியைப் படம் எடுப்பவருக்கு நேர்கோடு, தலையை எடுப்பவருக்கு வளைவு. நோயாளி சரியான நிலையில் படுத்திருக்கிறாரா என்று மட்டும் பார்க்கும் ரேடியோகிராஃபில் சில மி.மீ. மங்கலைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்றால் அங்கேயும் நேர்கோட்டோடு நிறுத்தலாம்.

ஜூன் 20

எலும்பு, காற்று எல்லாம் கலந்த தலையைச் சீரான தண்ணீராக எடுத்துக்கொள்வது நியாயமா?

முழு நியாயமில்லை. கெட்டியான எலும்பின் கதிர்வீச்சு நீளம் 14 செ.மீ. அளவுதான், தண்ணீருடையதில் பாதிக்கும் குறைவு. சிதறலில் எலும்பு எவ்வளவு முரடு என்று இதிலிருந்தே தெரியும். ஆனால் இரண்டு முனைகளிலும் கட்டிப்போட்டிருப்பதால், நடுவில் சிதறல் எங்கே அதிகம், எங்கே குறைவு என்பது பாதையை நாம் பயப்படும் அளவுக்கு மாற்றுவதில்லை. அந்தக் கியூபிக் ஸ்ப்ளைனே சாட்சி. அதற்குப் பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனாலும் 0.59-இல் வந்து நின்றது. சீரற்ற பொருளுக்கென்று தனி எம்.எல்.பி. எழுதியவர்கள் இருக்கிறார்கள். சைனஸ் மாதிரி காற்றும் எலும்பும் முட்டிக்கொள்ளும் இடங்களில் அதற்குப் பயன் உண்டு. மற்ற இடத்தில் கணினிக்குத்தான் வேலை அதிகம்.

இன்னொரு பக்கம், பாதை வளைந்தவுடன் வழக்கமான சி.டி.யின் பின்வீச்சு முறை (அளந்ததை வந்த வழியிலேயே திருப்பிப் பரப்பிப் படமாக்குவது) நேரடியாக உதவாது. அது நேர்கோடுகளை நம்பி எழுதப்பட்டது. அதனால் பலர் பழைய வழிக்குத் திரும்பினார்கள். ஒவ்வொரு புரோட்டானும் ஒரு சமன்பாடு: படத்தின் எந்தெந்தச் சிறு கட்டத்தில் எவ்வளவு நீளம் போனதோ, அதை அந்தக் கட்டத்தின் தடுக்கும் திறனால் பெருக்கிக் கூட்டினால் அளந்த தடிமன் வர வேண்டும். இதைத் தீர்க்கும் மறுசெய்கை முறையைப் போலந்தின் காச்மார்ஸ் 1937-லேயே எழுதிவைத்தார். ஹவுன்ஸ்ஃபீல்டின் ஆரம்பக் கருவியும் அந்த வகையில்தான் கணக்குப் போட்டது. கருவி நொடிக்குப் பத்து லட்சம் புரோட்டான்களை அளந்தால் சில நிமிடத்தில் கோடிக்கணக்கில் சமன்பாடுகள் குவிந்துவிடும். அவ்வளவு பெரிய அணியை நினைவகத்தில் வைக்க முயன்ற அனுபவம் எனக்கு உண்டு. கணினி உறைந்து நின்றது. பாதையைச் சேமிக்காமல் தேவைப்படும்போதெல்லாம் புதிதாகவே கணக்கிடுவதுதான் வழி. அப்போது ஸ்ப்ளைனின் வேகம் மறுபடி கைகொடுக்கிறது.

பின்வீச்சு முறையை விட மனமில்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. லியோனைச் சேர்ந்த ரிட்டும் குழுவினரும் 2013-இல் செய்தது: ஒவ்வொரு ஆழத்திலும் எம்.எல்.பி. எங்கே போகிறதோ அந்த இடத்தில் புரோட்டானைப் பதிவு செய்து, ஆழத்துக்கு ஆழம் தனித் தனிப் புரொஜெக்ஷன்களை உருவாக்குவது. அதன்பின் பின்வீசும்போது அந்தந்த ஆழத்துக்கு உரியதை எடுத்துக்கொள்வது. புத்திசாலித்தனமான ஏற்பாடு.

ஜூன் 21

குப்பை பொறுக்குவதைச் சொல்ல விட்டுப்போயிற்று. புரோட்டான்களில் ஒரு செ.மீ.க்குச் சுமார் ஒரு சதவீதம் அணுக்கருவோடு நேரடியாக வினைபுரிந்துவிடும். 20 செ.மீ.யில் ஐந்தில் ஒன்று போல. அவற்றில் பல திரும்பியே வராது. வருபவை பெரிய கோணத்தில் திரும்பி, ஆற்றலும் தாறுமாறாகக் குறைந்து வரும். எம்.எல்.பி. சின்னத் திருப்பங்களின் கூட்டுத்தொகையை நம்பிக் கட்டியது, இவற்றுக்குப் பொருந்தாது. ஆகவே பக்கத்துப் புரோட்டான்களோடு ஒப்பிட்டு, கோணத்திலோ ஆற்றலிலோ மூன்று சிக்மாவை (திட்டவிலக்கத்தின் மூன்று மடங்கை) தாண்டியவற்றைத் தூக்கி எறிகிறார்கள். என் சோதனை நிரலில் எம்.எல்.பி.யிலிருந்து ஸ்ப்ளைனுக்கு மாறினால் படத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இந்த வடிகட்டியை நிறுத்தினால் உடனே படம் கோடுகோடாக அசிங்கமானது.

ஜூலை 2

"தரமணியில் இந்த ஸ்கேன் எடுக்கலாமா?"

முடியாது. சென்னை தரமணியில் உள்ள மையத்தில் 2019 தொடக்கத்திலிருந்து புரோட்டான் சிகிச்சை நடக்கிறது, ஆனால் அது சிகிச்சை. படம் எக்ஸ் கதிர் சி.டி.யில்தான். புரோட்டான் சி.டி. இன்னும் உலகில் எங்கேயும் அன்றாட மருத்துவத்துக்கு வரவில்லை, ஆய்வகங்களிலும் சிகிச்சை மையங்களின் சோதனை நேரத்திலும்தான் இருக்கிறது. அதற்குப் பாதை மட்டும் காரணமில்லை. சிகிச்சைக்கான சைக்ளோட்ரான்கள் பெரும்பாலும் 230 எம்இவி, 250 எம்இவியோடு நின்றுவிடுகின்றன. 230 எம்இவி புரோட்டான் தண்ணீரில் 33 செ.மீ. போய் நின்றுவிடும். சிகிச்சைக்கு அது போதும், கட்டியில்தானே நிற்க வேண்டும். படத்துக்கு மறுபக்கம் வெளியே வந்தாக வேண்டும். பக்கவாட்டில் புரோட்டான் கடந்து வர முடியாத அளவுக்கு அகன்ற இடுப்பு உள்ள ஆட்கள் நம்மில் ஏராளம். இதற்கிடையில் இரட்டை ஆற்றல் எக்ஸ் கதிர் சி.டி. அந்த 3.5 சதவீதத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது. போட்டி கடுமை.

ஜூலை 3

மியூவான் (வானிலிருந்து வந்துகொண்டே இருக்கும் ஒரு துகள்) பேச்சை எடுத்தவருக்கு: ஆமாம், நாம் தொல்லை என்று திட்டும் சிதறலையே மியூவானால் படம் எடுப்பவர்கள் தகவலாக எடுத்துக்கொள்கிறார்கள். 1970-இல் ஆல்வாரெஸ் கீசா பிரமிடுக்குள் மியூவான் எண்ணிக்கையைப் பார்த்தார், அது எவ்வளவு தடுக்கப்படுகிறது என்பதை வைத்து. 2003-இல் லாஸ் அலமோஸ் குழுவினர் சிதறல் கோணத்தையே வைத்துக் கனமான உலோகத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டினார்கள். புரோட்டான் சி.டி.யிலும் கோணம் ஏற்கெனவே அளந்து கையில் இருக்கிறது. அதை வைத்து இன்னொரு படம் எடுக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. கையில் உள்ள தகவலை வீணாக்குவானேன் என்பதே என் எண்ணமும்.

ஜூலை 11

முன்பக்க டிராக்கரையே எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டவருக்கு: நார்வேயின் பெர்கன் குழு அந்த வழியில்தான் போகிறது. செர்ன் துகள் ஆய்வகத்தில் ஆலிஸ் சோதனைக்காகச் செய்த ஆல்பைடு என்ற சிலிக்கன் சில்லுகளை அடுக்கடுக்காக வைத்துப் பின்பக்கத்தில் மட்டும் டிடெக்டர். நுழையும் இடத்தை, கற்றையை எங்கே குறிவைத்தோம் என்பதை வைத்து ஊகிக்கிறார்கள். சிகிச்சைக் கற்றையின் அகலம் சில மி.மீ. இருக்கும், ஆக நுழைவுப் பக்கத்தில் பாதை தளர்ந்துபோகும். முதலில் சொன்ன இரண்டு முனைக் கட்டில் ஒரு முனை அவிழ்ந்த நிலை. பதிலுக்குக் கருவி எளிது, நோயாளிக்கு முன்னால் இடம் காலி. தலையின் அந்தப் பக்கத்தை எதிர்க்கோணத்திலிருந்து எடுக்கும்போது அது வெளியேறும் பக்கமாகிவிடும் என்பதால் முழுச் சுற்றில் பாதிப்பு கொஞ்சம் குறையும், முழுக்கத் தீராது.

புரோட்டானுக்குப் பதில் ஹீலியம் விடுவது இன்னொரு வழி. ஒரே ஆழம் வரை போகும் ஹீலியத்துக்கு ஆற்றல் நான்கு மடங்கு, மின்னூட்டம் இரண்டு மடங்கு. ஆகவே சிதறல் சரிபாதி. நேர்கோட்டின் 1.04 மி.மீ. எந்தச் சூத்திரமும் இல்லாமலேயே 0.5-க்கு வந்துவிடும், அதாவது புரோட்டான் எம்.எல்.பி.யின் அளவுக்கு. எம்.எல்.பி.யும் போட்டால் 0.27. ஹைடல்பெர்க்கில் இதைச் சோதிக்கிறார்கள். தொல்லை என்னவென்றால் ஹீலியம் உடம்புக்குள் உடையும். உடைந்த துண்டுகள் ஹீலியம் மாதிரியே வேடம் போட்டு டிடெக்டருக்கு வரும், அவற்றைப் பிரிக்க வடிகட்டி இன்னும் கறாராக வேண்டும். ஹீலியம் தரும் முடுக்கி உள்ள மருத்துவமனைகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான் என்பது வேறு.